தாய்மாமன் ஆன மொழிபெயர்ப்பாளன்

விளைவுகளை எடைபோட்டுப் பேசுபவன் என்று என்னைப் பற்றி எனக்கோர் உயர்ந்த எண்ணம் உண்டு. (வீட்டில் வேறு யாருக்கும் இல்லை.) அந்த எண்ணம் ஜவ்வாது மலையில் குப்புற விழுந்தது.

சாமை விதை சேகரிப்புக்காக மலையூர் ஒன்றில் ஓராண்டாகப் பழகி, அவர்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தேன். அறுவடை பார்க்க விரும்பிய ஜூலியன், கிளேர் என்ற பிரெஞ்சுக்காரர் இருவரை அங்கே அழைத்துப் போனேன். பிரெஞ்சு படித்த பட்டதாரி என்பதால் மொழிபெயர்ப்பும் நானே.

ஊர்க்கவுண்டரின் மனைவி முனியம்மா அக்கா முதலில் கேட்டது, "இந்தப் பொண்ணு அவருக்கு இன்னா வேணும்?"

"கூஸீன்" என்றார் ஜூலியன். பிரெஞ்சில் சித்தப்பா மகளும் கூஸீன், மாமன் மகளும் கூஸீன். நமக்கோ ஒருத்தி தங்கை, மற்றவள் முறைப்பெண். அவரிடம் இன்னொரு கேள்வி கேட்டிருக்கலாம். நானோ சிந்தித்தேன். மணமாகாத இருவர் சேர்ந்து ஊர் சுற்ற, முறை இருப்பதே கௌரவம் என்று முடிவெடுத்து, "மாமன் மகள்" என்றேன்.

ஊர் மலர்ந்துவிட்டது. இருவரையும் ஒரே பாயில் அமர்த்தி, ஜூலியன் தலையில் மஞ்சள் நீர் ஊற்றி, கல்யாணம் எப்போது என்று பெண்கள் கேலி பாடினார்கள். இது மலையின் வரவேற்பு என்று பிரெஞ்சில் விளக்கினேன். நெகிழ்ந்துபோன கிளேர் கைபேசியில் ஒரு படம் காட்டினாள்: ஒரே மூக்குடன் இரண்டு ஆண்கள்.

"இவங்க யாரு?" என்றார் அக்கா. கிளேர் சொன்ன பதிலை அப்படியே தமிழாக்கினேன்.

"ரெண்டு பேரோட அப்பாங்க, அக்கா. கூடப்பொறந்த..." நான் முடிப்பதற்குள் பாட்டு நின்றது.

"அண்ணன் தங்கச்சியவா ஒரே பாய்ல ஒக்கார வெச்சே? படிச்சவன்னு உன்ன நம்புனோமே" என்றார் அக்கா. ஓராண்டு உழைப்பு அந்தப் பாயோடு சுருட்டப்படுவதைப் பார்த்து நின்றேன்.

கவுண்டர் எழுந்து வந்தார். பிறகு கிளேரின் தலையில் கைவைத்து, "இது எம் மவ" என்றார். அவ்வளவுதான், ஊரே இடம் மாறியது. ஜூலியன் மகனானார். கேலி பாடியவர்களில் பாதிப்பேர் அக்கா தங்கைகளாகி நாக்கைக் கடித்துக்கொண்டு விலகினார்கள். மீதிப்பேருக்குக் கேலி செய்யும் உரிமை அப்போதுதான் மெய்யாகவே வாய்த்தது. கடல் கடந்து வந்த இருவருக்கு ஒரே சொல்லில் ஒவ்வொரு வாசலிலும் ஓர் உறவு. அந்த வியப்பு இன்றும் எனக்குத் தீரவில்லை.

"அப்போ நான்?" என்றேன் மெல்ல.

"நீ இவள அக்கான்னுதான கூப்புடுற? அப்போ புள்ளைங்களுக்குத் தாய்மாமன். சீர் செய்யவேண்டியவன்" என்றார் கவுண்டர்.

முனியம்மா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டே விதைப் பானையை என் பக்கம் தள்ளினார்.

போன மாதம் லியோனிலிருந்து கிளேர் அழைத்தாள். கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம், மாமன் சீர் எப்போது வரும் என்று தெளிவான தமிழில் கேட்டாள். அன்றிலிருந்து என் மனைவி தினமும் என்னிடம் கேட்கிறாள்: "ஏங்க, ஃப்ளைட்டுல எத்தினி தாம்பாளம் ஏத்த வுடுவாங்க?"