நிச்சயதார்த்தச் சட்டையில் ஓர் ஓட்டை

கொள்கை உள்ளவர்கள் தாராளமாகக் கல்யாணம் செய்துகொள்ளலாம். ஆனால் பெண் வீட்டார் எடுத்துத் தரும் சட்டை எந்தக் கம்பெனி என்று முதலிலேயே விசாரித்துவிட வேண்டும். நான் விசாரிக்கவில்லை.

கீரனூரிலிருந்து தினமும் திருச்சிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். வழியில் பார்த்த ஒரு வீடியோ என்னைப் போராளியாக்கியது. மார்பில் பறவைச் சின்னம் போட்டு விற்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, தைப்பவர்களை பாத்ரூம் போகக்கூட விடுவதில்லையாம். அன்றைக்கே ‘பறவையைப் புறக்கணிப்போம்’ என்று வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். (உறுப்பினர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சட்டை வாங்க வசதியே கிடையாது. அதனால் புறக்கணிப்பு அமோக வெற்றி.) நானும் பஸ் ஸ்டாண்டு பிளாட்பாரத்தில் சட்டை வாங்க ஆரம்பித்தேன்.

நிச்சயதார்த்தம் இலுப்பூரில், பெண் வீட்டில். ஜெனிட்டா ஏதோ கார்மெண்ட்ஸில் வேலை பார்க்கிறாள் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். உபதேசியார் ஜெபம் சொல்லி முடித்ததும் எனக்கான சட்டை தட்டில் வந்தது. மார்பில் பறவை! முன்வரிசையில் குரூப் நண்பர்கள், கையில் போனோடு.

உடை மாற்ற அறைக்குள் போனேன். ஜன்னலில் ஒரு சவர பிளேடு. பறவையை மட்டும் நூல் நூலாகப் பிரித்துவிடலாம் என்று நினைத்தேன். அவசரத்தில் இழுத்ததில் பறவையோடு துணியும் வந்துவிட்டது. போட்டுப் பார்த்தால் ஓட்டை வழியே பனியன் தெரிந்தது.

“மாப்ள, நேரமாகுது, வாங்க!”

வேறு வழியில்லை. இடது மார்பை இறுகப் பொத்திக்கொண்டு வெளியே வந்தேன்.

“ஏண்டா சகாயம், நெஞ்சு வலிக்குதா?” அப்பா அலறினார்.

“இல்லப்பா... லேசா...”

அந்த ‘லேசா’தான் வினை. ஒருவர் சோடா உடைத்தார். இன்னொருவர் ஆட்டோ பிடிக்க ஓடினார். மாமியார் ஆகவிருந்தவர் மோதிரப் பெட்டியைச் சத்தமில்லாமல் மூடி மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணமே போய்விட்டது என்று நினைத்தபோது எனக்கு உண்மையாகவே நெஞ்சு வலித்தது.

ஜெனிட்டா எழுந்து வந்தாள். “கைய எடுங்க.”

எடுத்தேன். வீடியோ, பாத்ரூம், பறவை என்று உளறிக் கொட்டினேன்.

“அந்தப் பறவைக்கு எங்க யூனிட்லதான் தைக்கிறோம். நான் செக்கிங். ஒங்களுக்குன்னு ஆசையா வாங்குனேன்” என்றாள். “பாத்ரூம் சங்கதியும் உண்மைதான். டோக்கன் வாங்கிட்டுத்தான் போகணும்.”

“அப்ப புறக்கணிக்கலாம்ல?” (இந்த நேரத்திலும் எனக்குக் கொள்கை!)

“ஆர்டர் நின்னா எங்கள வீட்டுக்கு அனுப்பிருவாக. நிக்கலைன்னா டோக்கன். என்ன பண்றதுன்னு எனக்கும் தெரியல. மொதல்ல பழைய சட்டைய மாட்டிட்டு வாங்க.”

வரும்போது போட்டிருந்த பிளாட்பாரச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். பழக்கதோஷத்தில் அவள் கை என் சட்டையின் ஓரத் தையலைப் புரட்டிப் பார்த்தது. அப்புறம் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள். “இதுவும் எங்க சரக்குதாங்க. செக்கிங்ல கழிச்சுப்போட்டத, லேபிள வெட்டிட்டு லோக்கல்ல தள்ளிருவாக.”

நண்பர்கள் போனை இறக்கினார்கள். மோதிரப் பெட்டி திறந்தது.

பழுதுள்ள துணியில் ஒட்டும் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை, அடுத்த வாரமே நிச்சயதார்த்த ஆல்பத்தில் என் படத்தின் மேல் ஒட்டிவிட்டாள். வீட்டுக்கு வருபவர்கள் இன்றைக்கும் அது என்னவென்று கேட்கிறார்கள்.

“ரிஜெக்ட் பீஸுங்க. எக்ஸ்போர்ட் பண்ண முடியல, லோக்கல்ல நானே வச்சுக்கிட்டேன்” என்கிறாள்.