தேர்தலன்று நான் செத்த விவரம்

சாட்ஸ்வர்த், டர்பன்
செப்டம்பர் 1989

மதிப்பிற்குரிய மைத்துனர் துரைசாமி அவர்களுக்குத் தங்கள் தங்கை கணவன் அங்கமுத்து கைகூப்பி எழுதிக்கொள்வது.

நான் நலம். வழக்கமாக இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதுவேன். இந்தத் தடவை செய்தியாகவே எழுதுகிறேன். என் ஆத்மா சாந்தியடைய வேண்டித் தாங்கள் லெனேசியாவிலிருந்து அடித்த தந்தி என் கைக்கே வந்து சேர்ந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கினவனும் நான்தான். தபால்காரர் தந்தியையும் பார்த்தார், என்னையும் பார்த்தார், அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டார். கருமாதிக்கு வர ரயிலில் இடம் போட்டிருந்தால் தயவுசெய்து ரத்து செய்துவிடவும். அங்கே வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பதாக நம்புகிறேன்.

நான் செத்தது எப்படி என்று தங்களுக்கு விவரமாகச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் காலமெல்லாம் பஸ் ஓட்டிய கம்பெனியின் முதலாளி வீரபத்திரப் படையாச்சி இந்தத் தேர்தலில் நின்றார் அல்லவா. ஊர் அவரை என்ன சொன்னாலும் எனக்கு அவர் கெட்டவர் இல்லை. தங்கள் தங்கை ராஜம்மா போனபோது சுடுகாட்டுக்கு ஜனங்களை ஏற்றிப்போக இரண்டு பஸ்ஸைச் சும்மா அனுப்பி வைத்தார். தாங்களும் அதில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தீர்கள். அப்படிப்பட்டவர் வீடு தேடி வந்து, “அங்கமுத்து, உன் வீடு ஸ்கூலுக்கு நேர் எதிர்ல இருக்கு. அங்கதான் ஓட்டுச்சாவடி. உன் முத்தத்துல ஒரு கூடாரம் போட்டுக்கறேன், ஓட்டுப் போட வர்றவங்க உக்காந்து பிரியாணி தின்னுட்டுப் போகட்டும். மொத ஓட்டு உன்னோடது” என்றால், எந்த வாயால் முடியாது என்பது? தலையை ஆட்டிவிட்டேன். முதலாளி முன்னால் என் தலைக்கு ஆடத்தான் தெரியும்.

என் மகன் யோகன் தேர்தல் புறக்கணிப்புக் கமிட்டியில் இருக்கிறான் என்று தங்களுக்குத் தெரியும். விஷயம் அவன் காதுக்குப் போனது. “பார்லிமெண்டுல வெள்ளைக்காரனுக்கு ஒரு சபை, கலர்ட்னு சொல்ற கலப்பு ஜனங்களுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணு. கறுப்பு ஜனங்களுக்கு என்னப்பா? உங்ககூட முப்பது வருசமா பஸ் ரிப்பேர் பண்ண டுமிசானி அங்கிளுக்கு ஓட்டு இருக்கா?” என்று கேட்டான். “பஸ்ஸுக்கும் ஓட்டுக்கும் என்னடா சம்பந்தம்?” என்றேன். பதில் தெரியாதபோது நான் கேள்வி கேட்பது வழக்கம். அவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். “நீங்க அந்த ஸ்கூலுக்குள்ள கால் வச்சா, உங்க காரியத்துக்கு நான் வர மாட்டேன். யாரை வேணும்னாலும் கொள்ளி வைக்கச் சொல்லிக்கங்க” என்று சொல்லிவிட்டு நண்பன் வீட்டுக்குக் குடிபோய்விட்டான். இருப்பது ஒரே பிள்ளை. பிறகு கடைத்தெருவில் எதிரே பார்த்தால்கூட அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான். எனக்குச் சோறு இறங்கவில்லை, மச்சான். உள்ளே போனால் பிள்ளை இல்லை. போகாவிட்டால் நன்றி கெட்டவன்.

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். தேர்தலன்று எனக்குக் காய்ச்சல். அவ்வளவுதான். காய்ச்சல்காரனை யாரும் தூக்கிக்கொண்டு போய் ஓட்டுப் போட வைக்க முடியாது. காலையிலேயே படையாச்சியின் ஆட்கள் கூடாரம் அடித்து, அடுப்பு மூட்டி, ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் முன்னறையில் கட்டிலில் நீட்டிப் படுத்து, வெளிச்சம் கண்ணில் படாமல் இருக்க வெள்ளை வேட்டியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டேன். செய்த தப்பு இது ஒன்றுதான்.

நம் பக்கத்தில் கூடாரம் வாடகைக்கு விடுபவர் ஒருவர்தான். அவரிடம் இருப்பதும் ஒரே கூடாரம். ராஜம்மாவுக்குப் போட்டதும் அதே பச்சைக் கோடு போட்ட கூடாரம்தான். கல்யாணம் என்றால் தெருவுக்கு ஆறு மாசம் முன்பே தெரிந்திருக்கும். சொல்லாமல் கொள்ளாமல் கூடாரம் முளைத்து அண்டா ஏறினால் அது சாவு வீடு, வேறெதுவும் இல்லை. பக்கத்து வீட்டுத் தைலம்மா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். கட்டில், வேட்டி, அசைவில்லாத நான். மறு நிமிஷம் அவள் போட்ட ஓலத்தில் எனக்கு நிஜமாகவே காய்ச்சல் வந்துவிட்டது.

எழுந்து உட்கார்ந்திருக்கலாமே என்பீர்கள். எப்படி எழுவது? எழுந்தால் வாசலில் படையாச்சியின் கார் தயாராக நிற்கிறது. சரி, கொஞ்ச நேரம் செத்துக் கிடப்போம், ஓட்டுச்சாவடியை மூடட்டும் என்று கொள்கைப் பிடிப்போடு படுத்திருந்தேன். தைலம்மா தலைமாட்டில் விளக்கு ஏற்றினாள். பிறகு வெளியே போய் அண்டாவைத் திறந்தாள். “அட பாவிகளா, பொணம் கெடக்குற வீட்டுல ஆட்டுக்கறியா? உங்களுக்கெல்லாம் சூடு சொரணை இல்லையா?” என்று சமையல்காரர்களை விரட்டிவிட்டுப் பருப்பு வேகப் போட்டாள். பிரியாணி வாசனை எனக்கும் வந்துகொண்டிருந்தது என்பதையும் காலையில் நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பதையும் சேர்த்து யோசிக்கவும்.

தெரு திரண்டு வந்தது. ஓட்டைப் புறக்கணிக்கலாம், சாவைப் புறக்கணிக்க முடியுமா? சாவு வீட்டு வழக்கப்படி பாலும் சர்க்கரையுமாகக் கொண்டுவந்து குவித்தார்கள். என்னைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை கேட்கலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். “நல்ல மனுசன்” என்றார் ஒருவர். “என் ஏணி இந்த வீட்டுலதான் இருக்கு” என்றார் இன்னொருவர். ஒரு ஈ வந்து என் கால் கட்டைவிரலில் உட்கார்ந்தது. பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை, லேசாக ஒரு ஆட்டு ஆட்டினேன். நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை.

வெளியே படையாச்சிக்கு விஷயம் தெரியாது. கூட்டத்தைப் பார்த்து மனம் குளிர்ந்து, “திரண்டு வந்திருக்கும் வாக்காளப் பெருமக்களே” என்று ஒலிபெருக்கியில் நன்றி சொல்ல ஆரம்பித்துவிட்டார். யாரோ மைக்கைப் பிடுங்கித் தேவாரம் பாடினார்கள். போலீஸ் வண்டி வந்தது. கலைந்து போகச் சொல்லி உள்ளே வந்த ஒரு வெள்ளை அதிகாரி, என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிக்கொண்டு வெளியே போய்விட்டார். பாட்டு தேவாரத்திலிருந்து மெல்ல விடுதலைப் பாட்டுக்கு மாறியது. கூட்டம் ஸ்கூல் வாசல்வரை அடைத்துக்கொண்டு நின்றது. நடுவில் புகுந்து ஓட்டுப் போடப் போக எவருக்கும் முகம் இல்லை. படையாச்சி உள்ளே வந்து என் காலைப் பிடித்துக்கொண்டு, “அங்கமுத்து, என் மொத ஓட்டே போயிடுச்சே” என்று அழுதார். பாதி அழுகை எனக்கு, பாதி ஓட்டுக்கு. பாதியாவது எனக்கு இருந்ததே என்று நெஞ்சு நிறைந்தது.

அப்போதுதான் யோகன் வந்தான். கூட்டம் விலகியது. கட்டில் அருகே மண்டியிட்டு என் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். “அப்பா, நான் கோவத்துல சொன்னேம்பா. நீங்க ஓட்டுப் போட்டாலும் பரவாயில்லப்பா. எந்திரிங்கப்பா” என்றான். மச்சான், எந்தத் தகப்பனால் அதற்கு மேல் செத்துக் கிடக்க முடியும்? எழுந்து உட்கார்ந்தேன்.

அலறிக்கொண்டு ஓடியவர்கள் ஓட, மிஞ்சியது நாங்கள் மூவர். படையாச்சி முதலில் சுதாரித்தார். “அங்கமுத்து, உன் மகனே சரின்னுட்டான். வா, அஞ்சு நிமிசத்துல போட்டுட்டு வந்துடலாம்” என்று கையைப் பிடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக என் தலை முடியாது என்று ஆடியது. “முதலாளி, ராஜம்மாவுக்கு நீங்க பஸ் விட்டதை நான் மறக்க மாட்டேன். ஆனா உங்க பஸ்ஸை எல்லாம் ஓட வச்ச டுமிசானிக்கு ஓட்டு இல்ல. அவன் போடுற அன்னிக்கு நானும் வர்றேன், ரெண்டு பேரையும் உங்க கார்லயே கூட்டிட்டுப் போங்க” என்றேன். இது யோகன் சொன்னதுதான். ஆனால் என் வாயில் இன்னும் நன்றாக இருந்தது. அவர் என் கையை விட்டார். “பருப்பு ஆறிடும், போய்ச் சாப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் அவர் ஜெயித்துவிட்டார். அவருக்கு விழுந்த ஓட்டு கொஞ்சம்தான், எதிர்த்து நின்றவருக்கு அதைவிடக் குறைவு.

யோகன் வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டான். ஊரையே ஏமாற்றி, கொள்கையையும் காப்பாற்றி, பிள்ளையையும் மீட்டேன் என்ற பெருமை எனக்கு இருக்கிறது. தங்கள் குடும்பத்துக்கு முருகன் நீண்ட ஆயுளைத் தரட்டும். அதன் அருமை இப்போது எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
இன்னும் இருக்கிற
அங்கமுத்து

பின்குறிப்பு: தபாலில் போடக் கொடுத்த கடிதத்தை யோகன் படித்துவிட்டான். விழுந்து விழுந்து சிரிக்கிறான். என் கட்டைவிரல் ஆடியதைத் தைலம்மாவே பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொன்னாளாம், தெருவுக்கே தெரியுமாம், அலறிக்கொண்டு ஓடியதும் நடிப்புதானாம். “நாலு பேர் சேர்ந்து நின்னா போலீஸ்காரன் புடிச்சு உள்ள போடுறான். சாவுக்கு மட்டுந்தான் விடுறான். ஓட்டுச்சாவடி எதிர்லயே ஒரு சாவு கெடைச்சா கமிட்டி விடுமா? உங்களை எழுப்ப வேணாம்னு தீர்மானம் போட்டோம்ப்பா” என்கிறான். ஆகவே நான் ஏமாற்றியது படையாச்சியையும் அந்தப் போலீஸ்காரரையும் தங்களையும் மட்டும்தான். “அப்ப நீ அழுததுகூடக் கமிட்டி தீர்மானந்தானா?” என்று கேட்டேன். சிரிப்பை நிறுத்திவிட்டுக் கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டான். போட்டதை நானே மறுபடி வெளியே எடுத்து இதை எழுதுகிறேன். அவன் சொன்னது இவ்வளவுதான்: “அது தீர்மானத்துல இல்லப்பா.”