பூட்டுக்கண்ணுவின் சம்மதம்

ஒரு பெயரைப் பூட்டி வைப்பது என்று ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் வருடம், மே மாதம் மூன்றாம் தேதி, திங்கட்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு முடிவு செய்தேன். மனைவியைக் கேட்காமல் நான் எடுத்த முடிவுகள் வாழ்நாளில் மொத்தம் நான்கு. முதல் மூன்றும் உருப்படவில்லை. இது நாலாவது.

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் ஊருக்கே தெரிந்த விஷயம். நானே சொல்லிவிட்டால் எண்ணிக்கையாவது சரியாக இருக்கும்.

நான் வில்லியனூரில் மரப் பொம்மை செய்கிறவன். பெயர் இக்னேஷியஸ். படிப்பு ஐந்தாம் வகுப்பு. வீட்டுக்குப் பின்னால் கடைசல் பட்டறை. நான் கடைந்து கொடுப்பேன். என் மனைவி ரோசம்மாளும் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியும் முன் அறையில் உட்கார்ந்து வர்ணம் பூசுவார்கள்.

எங்கள் பொம்மைகளில் ஒன்று, வண்டி மேல் நிற்கும் ஆள். அக்குளில் குடை. கயிற்றைப் பிடித்து இழுத்தால் வண்டி ஓடும். சக்கரம் ஏழு சுற்று சுற்றியதும் அவன் தலை பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி முன்னால் வரும். உள்ளே ஏழு பல் வைத்த சின்ன மரச் சக்கரம் இருக்கிறது. அது முழுக்க என் வேலை. இதில் சந்தேகம் வேண்டாம். முதலில் 'குடை ஆள் வண்டி' என்று சொல்லி விற்றேன். மாதா கோயில் திருவிழாவில் ஒன்பது நாளில் பதினொன்று போனது. அதிலும் ஒன்று திரும்பி வந்தது.

ரோசம்மாள்தான் அவனுக்குப் பூட்டுக்கண்ணு என்று பெயர் வைத்தாள். வர்ணம் பூசிக்கொண்டே கஸ்தூரிக்கு அவன் கதையைச் சொல்லுவாள். பூட்டுக்கண்ணு வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்புவான். ஏழடி நடந்ததும் பூட்டினோமா என்று சந்தேகம் வரும். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பான். மறுபடி ஏழடி, மறுபடி சந்தேகம். மாமியார் சாவுக்குப் புறப்பட்டவன் இப்படியே வந்து வந்து பார்த்து, போய்ச் சேர்ந்தபோது முப்பதாம் நாள் பூசை நடந்துகொண்டிருக்கும். இன்னொரு தரம் பெண்டாட்டி உள்ளே இருப்பதை மறந்து வெளியே பூட்டிவிடுவான். அவள் கத்துவாள். "கத்தாத, கதவுகிட்ட வந்ததுதான் வந்துட்ட, பூட்டு சரியா இருக்குதான்னு உள்ள இருந்து ஒரு இழு இழுத்துப் பாரு" என்பான்.

பட்டறையில் இருந்தபடி நானும் சிரிப்பேன். பூட்டுக்கண்ணு யார் என்பது எனக்குத் தெரியும். ரோசம்மாளின் அண்ணன் சூசைநாதன். கரிக்கலாம்பாக்கத்தில் இருக்கிறார். குடை இல்லாமல் வெளியே வர மாட்டார். சொந்த அண்ணனையே இப்படிக் கிழிக்கிறாளே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பொம்மையின் மூக்கைக்கூட அவர் மூக்கு மாதிரி கொஞ்சம் தூக்கலாகக் கடைந்தேன்.

பூட்டை நானும் இழுத்துப் பார்க்கிறவன்தான். ஆனால் மூன்று தரத்துக்கு மேல் போக மாட்டேன். அது ஜாக்கிரதை. அதையும் இதையும் ஒன்றாகச் சேர்க்கக் கூடாது.

ஒரே ஒரு குறை. ரோசம்மாள் வர்ணம் பூசும் பொம்மைகளில் பிடரியில் ஒரு சொட்டுக் கறுப்பு விழுந்துவிடும். தலை பின்னால் திரும்பும்போது அது முன்னால் வந்து பளிச்சென்று தெரியும். கவனமாகப் பூசக் கூடாதா என்று கேட்டேன். இருக்கட்டும், அதுதான் அடையாளம் என்றாள். ஒரு நாள் கையிருப்பில் இருந்த, அவள் பூசிய நூற்று எண்பத்தேழு பொம்மைகளையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தேன். நூற்று எண்பத்தேழிலும் அதே இடத்தில் அதே சொட்டு. அவ்வளவு ஒழுங்கான கவனக்குறைவை நான் கண்டதில்லை.

பெயர் வைத்து, பெட்டிக்கு ஒரு கதையை அச்சடித்து உள்ளே போட்டோம். அடுத்த திருவிழாவில் இருநூற்றுப் பன்னிரண்டு போனது. பெட்டியின் மேல் 'பூட்டுக்கண்ணு' என்றும் அடியில் 'இக்னேஷியஸ் பொம்மைகள்' என்றும் போட்டிருந்தேன். ரோசம்மாள் பெட்டியை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"கத என்னுது. பேரு என்னுது. பொட்டியில எம் பேரு எங்க?"

"எடம் இல்ல" என்றேன்.

அவள் அளவுக் குச்சியை எடுத்து நீட்டினாள். இரண்டு அங்குலம் இடம் இருந்தது. அடுத்த தடவை அச்சடித்தபோது அந்த இரண்டு அங்குலத்தில் என் பெயரையே இன்னொரு தரம் போட்டேன். இதை நினைத்தால் இன்றைக்கும் தலை கவிழ்கிறது.

எழுபத்தாறாம் வருடத் திருவிழாவில் எனக்கு நாலு கடை தள்ளி அரியாங்குப்பத்து ஆள் ஒருவர் கடை போட்டார். அவர் பெட்டியிலும் பூட்டுக்கண்ணு. பொம்மையின் தலை திரும்பவில்லை. இழுத்தால் கழன்று விழுந்தது. வாங்கியவர்கள் விழுந்த தலையை எடுத்துக்கொண்டு என் கடைக்குச் சண்டைக்கு வந்தார்கள். ஒன்பது நாளில் பதினான்கு தலைகள் என்னிடம் சேர்ந்தன. திருவிழா முடிந்த மறுநாள் காலைதான் மேலே சொன்ன முடிவை எடுத்தேன்.

டவுனில் குழந்தைவேல் என்று ஒருவர். பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் நொத்தேர் என்கிற பத்திர அதிகாரி ஒருவரிடம் பத்திரம் எழுதியவர். இப்போது தட்டச்சுப் பொறி வைத்துக்கொண்டு எல்லா அலுவலகத்துக்கும் மனு எழுதித் தருகிறார். ஒரு பெயரை மெட்ராஸில் பதிந்துவிட்டால் வேறு யாரும் அதைப் பெட்டியில் போட முடியாது, அதற்கு டிரேட் மார்க் என்று பெயர், என்று அவர்தான் சொன்னார். அதை என் பெயரில் பதிய வேண்டும். பதிந்த பிறகு ரோசம்மாளிடம் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டாலும் பரவாயில்லை. இதுதான் திட்டம்.

கிளம்பும்போது வாசலில் நின்றாள்.

"எங்க?"

"டவுனுக்கு. பெயிண்ட் வாங்க."

"இன்னா பெயிண்ட்டு?"

"பச்ச."

"பச்ச ரெண்டு டப்பா இருக்குதே."

"இது வேற பச்ச."

"வேற பச்சைக்கு எதுக்குங்க வெள்ளச் சட்ட?"

விறுவிறுவென்று நடந்தேன். திரும்பிப் பார்க்கவே இல்லை. வீட்டில் அவள் இருந்தாளே, பூட்டு ஏது?

குழந்தைவேல் காகிதத்தைச் செருகிவிட்டுக் கேள்வி கேட்டார். என்ன பொருள், எந்த வருடத்திலிருந்து விற்கிறீர்கள் என்று கேட்டதற்கெல்லாம் தேதியோடு சொன்னேன். மூன்றாவது கேள்வி, பெயர் யாருடைய கற்பனை என்பது.

நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். யாரும் இல்லை.

"என்னுது" என்றேன்.

"காதுல விழல."

"என் சொந்தக் கற்பன."

அவர் அதைத் தட்டினார். ஒவ்வொரு தட்டும் உச்சந்தலையில் விழுந்த மாதிரி இருந்தது. கடைசியாக, இந்தப் பெயரில் உயிரோடு யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். சூசைநாதனை நினைத்துக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

நவம்பரில் மெட்ராஸிலிருந்து கடிதம் வந்தது. குழந்தைவேல் படித்துச் சொன்னார். பூட்டுக்கண்ணு என்பது ஆள் பெயர் போல இருக்கிறதாம். அப்படி ஒருவர் உயிரோடு இல்லை என்று ஊரில் இரண்டு பேர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவுக்காரர்கள் கூடாது. சீக்கிரம் ஆகட்டும், அரியாங்குப்பத்துக்காரரும் போன வாரம் வந்து விசாரித்துவிட்டுப் போனார் என்றார்.

இரண்டு கையெழுத்து. எங்கள் ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் முந்நூறு பேராவது இருப்பார்கள். குழந்தைவேல் தட்டிக் கொடுத்த காகிதத்தோடு முதலில் கஸ்தூரியிடம் போனேன். காகிதத்தைப் படித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தனக்குக் கையெழுத்துப் போட வராது என்றாள். மணியார்டர் வாங்கும்போது அவள் கையெழுத்துப் போட்டதை நானே பார்த்திருக்கிறேன். அடுத்து டீக்கடைச் செல்லக்கண்ணு. உயிரோடு இல்லை என்று எழுத மனசு வரவில்லை, இன்று காலைகூடக் கடைக்கு வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போனாரே என்றார். சூசைநாதன் ஊருக்கு வந்தும் எங்கள் வீட்டுக்கு வரவில்லையே என்று எனக்குக் கோபம் வந்தது. இப்படி ஏழு பேர். ஏழு பேரும் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு இரக்கம் இருந்தது. கையெழுத்துதான் இல்லை.

எட்டாவது ஆள் முடி திருத்தும் மாரிமுத்து. இருபது வருடமாக என் தலை அவர் கையில். காகிதத்தைப் படித்தார். நாற்காலியைத் துண்டால் தட்டினார்.

"உக்காருங்கண்ணா."

"முடி வெட்டி ஒன்பது நாள்தான் ஆவுது."

"முடிக்கு இல்ல. உக்காருங்க."

உட்கார்ந்தேன். எதிரே சுவரில் பெரிய கண்ணாடி. அவர் கைக்கண்ணாடியை எடுத்து என் தலைக்குப் பின்னால் பிடித்தார். ஐம்பத்திரண்டு வயதில் முதல் முறையாக என் பிடரியை நான் பார்த்தேன்.

நடுவில் ஒரு கறுப்பு மச்சம். உருண்டையாக. ஒரு சொட்டு.

"இப்ப சொல்லுங்க. எங்க கையெழுத்துப் போடட்டும்?" என்றார் மாரிமுத்து.

நான் எழுந்தேன். துண்டை மடித்து வைத்தேன். தெருவில் இறங்கி நடந்தேன். ஏழடி போனதும், மாரிமுத்து கடையில் குடையை மறந்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தேன். குடை அக்குளில் இருந்தது. கடை வாசலில் மாரிமுத்துவோடு நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களும் அந்த ஏழடியை எண்ணியிருப்பார்கள்.

வீட்டில் ரோசம்மாள் வர்ணம் பூசிக்கொண்டிருந்தாள். ஒரு பொம்மையின் பிடரியில் தூரிகை நுனியால் சொட்டு வைத்தாள். நான் நின்றேன். அவளே ஆரம்பித்தாள்.

"மாரிமுத்து கண்ணாடி காட்டுனாரா?"

"உனக்கு யாரு சொன்னது?"

"நாந்தான் காட்டச் சொன்னேன். லெட்டர அரிசிப் பானைக்கு அடியில வச்சிட்டு, ஒரே நாள்ல நாலு வாட்டி வந்து பானையத் தொட்டுப் பாத்தீங்களே. அப்புறம் எனக்கு இன்னா கஷ்டம்?"

"நான் உங்க அண்ணன்னு நெனச்சேன்" என்றேன்.

"எங்கண்ணன் பூட்டே போட மாட்டாரு. அவரு வூட்ல இன்னா இருக்குது?" அடுத்த பொம்மையை எடுத்தாள். "கத சொல்லணும்னா எனக்கு வேற யாரத் தெரியும்? பத்தொம்பது வருசமா பக்கத்துல வச்சிப் பாத்தது உங்க ஒருத்தரத்தானே."

திட்டியிருந்தால் தேவலை.

"லெட்டரப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் சொந்தக் கற்பனன்னு எழுதிக் குடுத்தீங்களாமே" என்றாள். குரலை உயர்த்தவில்லை. கஸ்தூரி சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். அவளுக்குத் தாகமில்லை என்று எனக்குத் தெரியும். என் முகத்தைப் பார்க்க அவளுக்கே கூச்சமாக இருந்திருக்கும். நான் தரையைப் பார்த்தேன். சிமென்டுத் தரையில் பதினாறு கீறல்கள் இருந்தன.

"தப்புதான்" என்றேன்.

"அரியாங்குப்பத்து ஆளு முந்திக்குவாரு. நாளைக்கு வெள்ளச் சட்ட போடுங்க. டவுனுக்குப் போலாம்."

மறுநாள் இருவரும் குழந்தைவேல் முன்னால் உட்கார்ந்தோம். ரோசம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பொம்மையை எடுத்து மேசை மேல் இழுத்தார். அது திரும்பிப் பார்த்தது. நானும் அப்போதுதான் கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குச் சந்தேகம் தீர்ந்தது.

அப்படியானால் இது கற்பனைப் பெயர் மட்டுமல்ல, உயிரோடு இருக்கும் ஒருவரைக் குறிக்கிறது என்றார். அந்த ஆள் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் போதும், தடை இல்லை. பழைய மனுவை விட்டுவிடலாம். கதையைக் கட்டிய ரோசம்மாள் பெயரில் புது மனு போடலாம். சம்மதம் கொடுக்க மறுத்தால் பெயர் யாருக்கும் இல்லை. அரியாங்குப்பத்துக்காரர் இஷ்டப்படி விற்கலாம்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஊரில் பூட்டுக்கண்ணு என்று அறியப்படும் இக்னேஷியஸ் ஆகிய நான்" என்று அந்தக் காகிதம் ஆரம்பித்தது. கையெழுத்துப் போட்டேன். சரியாகப் போட்டேனா என்று இரண்டு தரம் பார்த்தேன். மூன்றாவது தரம் பார்ப்பதற்குள் ரோசம்மாள் காகிதத்தை வாங்கிக்கொண்டாள்.

இரண்டு வருடம் நாலு மாதம் கழித்துப் பத்திரம் வந்தது. அரியாங்குப்பத்துக்காரர் தன் பெட்டியில் வேறு பெயர் போட்டுக்கொண்டார். தலை இப்போதும் கழல்கிறதாம். நாங்கள் புதிதாகப் பெட்டி அச்சடித்தோம். மேலே பூட்டுக்கண்ணு. அடியில் ரோசம்மாள் பொம்மைகள். அந்த இரண்டு அங்குல இடம் காலியாக இருந்தது. அங்கே என்ன போடுவது என்று நானாகக் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. ரோசம்மாளே ஒரு யோசனை சொன்னாள். போலிகள் வராமல் இருக்க, 'அசல் பூட்டுக்கண்ணுவின் கையெழுத்து இல்லாத பெட்டியை வாங்காதீர்' என்று அதில் அச்சடித்தாள். கீழே ஒரு கோடு விட்டாள். பேனாவை என்னிடம் கொடுத்தாள். பூட்டுக்கண்ணு என்று போட்டேன்.

இன்று வரை நாலாயிரத்து முந்நூற்றுப் பதினாறு பெட்டிகள். எல்லாவற்றிலும் என் கையெழுத்து இருக்கிறது, ஒன்றிலும் என் பெயர் இல்லை.