ஸ்பெயினில் சுற்றிப்போட்ட மிளகாய்

பயம் வந்தால் சிலருக்குக் கை கால் ஓடாது. எனக்கு நான்கும் ஒரே நேரத்தில் ஓடும். (மூளை மட்டும் உட்கார்ந்தே இருக்கும்.) அப்படி ஓடிய ஓட்டத்தில், ஒரு கட்டடம் நிறைய ஸ்பெயின்காரர்களை மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுப்பித் தெருவில் நிறுத்தியவன் நான்.

என் மனைவி கவிதா கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். ஒரு கோடைக்கு அவளை ஸ்பெயினில் ஒரு சிறிய ஊரிலிருந்த தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். "நீங்களும் பாப்பாவும் வந்தாத்தான் நான் போவேனுங்க" என்றுவிட்டாள். என் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையை மச்சானிடம் விட்டுவிட்டு, நான்கு வயது யாழினியை இடுப்பிலும் ஒரு கிலோ வரமிளகாயைப் பெட்டியிலும் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

அங்கே போய் இறங்கிய வாரத்திலேயே யாழினி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். பருப்புச்சோறு, தயிர்ச்சோறு, முட்டை, எதற்கும் வாய் திறக்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவையே பார்ப்பாள். தெருவில் பார்க்க ஒன்றும் இருக்காது. அந்த ஊரில் மத்தியானமானால் கடை, கதவு, நாய் எல்லாம் சாத்திக்கொண்டு தூங்கிவிடும்.

"அப்பா, ஊட்டுக்குப் போலாங்ப்பா."

"இதுதான் கண்ணு ஊடு."

"இதில்லீங். நம்மூடு."

(எனக்கும் அதே ஏக்கம்தான். எங்கள் ஊர் பேக்கரி வாசலில் நின்று ஒரு டீயும் தேங்காய் பன்னும் சாப்பிடக் கிடைத்தால் நடந்தே வந்திருப்பேன். ஆனால் தகப்பன் ஜன்னலோரம் உட்கார்ந்து அழ முடியாதே.)

ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பிய கவிதா, குழந்தையின் கையைப் பிடித்துப் பார்த்தாள். "குச்சியாட்டம் ஆயிட்டாளுங்க. இப்படியே போனா நீங்க ரெண்டு பேரும் ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருங்க. டிக்கெட் பாத்துட்டேன்." சொல்லிவிட்டு, ஷூ லேஸை ரொம்ப நேரம் கட்டினாள். ஷூவில் லேஸே கிடையாது.

எனக்குக் கை கால் நான்கும் ஓட ஆரம்பித்தன. கிணத்துக்கடவில் இருக்கும் என் அக்காவுக்கு போன் போட்டேன்.

"ஏஞ்சாமி, கண்ணு பட்டிருக்குதுடா! போற வாற வெள்ளக்காரச் சனமெல்லாம் பாப்பா கன்னத்தக் கிள்ளுதுன்னு நீதான சொன்ன? மொளகாயும் உப்பும் சுத்தி அடுப்புல போடு. நெடி வந்தா ஒண்ணுமில்ல. வரலீன்னா பெரிய கண்ணு. நெடி வார வரைக்கும் விடாமப் போடு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னைக் கவிழ்த்தது.

அன்று மத்தியானமே யாழினியைக் கிழக்கு பார்த்து உட்கார வைத்து, மூன்று முறை சுற்றி, துப்பச் சொல்லி, ஒரு பிடி மிளகாயை உப்போடு சூடான தோசைக்கல்லில் போட்டேன். புகை வந்தது. நெடி வரவில்லை. இன்னொரு பிடி. ஒரு சின்னக் கமறல்கூட இல்லை. இத்தனை பெரிய கண்ணா! மூன்றாவது பிடியைப் போட்டபோது மேலே யாரோ இருமுவது கேட்டது. பாவம், சளி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பிறகு எதிர்வீட்டில் இருமினார்கள். பிறகு கீழே. பிறகு எல்லாத் திசையிலும்.

அடுப்புக்கு மேலே ஒரு புகைபோக்கி விசிறி சுற்றிக்கொண்டிருந்ததை அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தேன். அது என் மிளகாய் நெடியைச் சொட்டு விடாமல் உறிஞ்சி, கட்டடத்தின் நடுவே காற்றுக்காக விட்டிருந்த முற்றத்தில் ஊதிக்கொண்டிருந்தது. வெயில் புழுக்கத்துக்காக எல்லாப் படுக்கையறை ஜன்னல்களும் அந்த முற்றத்தைப் பார்த்துத்தான் திறந்து கிடந்தன.

கதவு இடிபட்டது. கீழ்வீட்டு பஸ் டிரைவர் ராமோன், மூக்கில் துண்டும் கண்ணில் நீர்த்தாரையுமாக நின்றார். "காஸ்? காஸ்?" என்றார்.

"நோ கேஸ்ங்க. மொளகாங்க" என்றேன். (பயத்திலும் மரியாதை குறையவில்லை பாருங்கள்.)

எல்லோரும் தெருவுக்கு இறங்கினோம். பனியன்கள், நைட்டிகள், ஒரு தாத்தா தலையணையோடு. தீயணைப்பு வண்டி வந்தது. ஹெல்மெட் போட்டவர் மேலே போய், தோசைக்கல்லோடு இருமிக்கொண்டே இறங்கி, என்ன இது என்று சைகையில் கேட்டார்.

கண் பட்டதை எப்படிச் சைகையில் சொல்வது? என் கண்ணைக் காட்டினேன். குழந்தையைக் காட்டினேன். மிளகாயைக் காட்டினேன். அவர் முகம் இருண்டது. நான், பெற்ற பிள்ளையின் கண்ணில் மிளகாய் போட்டவன் என்று அவருக்குப் புரிந்திருந்தது.

கவிதாவுக்கு போன் போட்டு அவரிடம் நீட்டினேன். அவளோடு வேலை செய்யும் பெண் ஸ்பானிய மொழியில் விளக்க, அவர் அதைத் தெருவுக்கே உரக்கச் சொன்னார். பிறகு சிரிப்பு. இரண்டாம் மாடி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அருகில் வந்து என் கையை அழுத்தினார். கண்படுவது அவர்கள் ஊரிலும் உண்டாம்.

அப்போதுதான் பார்த்தேன், யாழினி பக்கத்தில் இல்லை.

"பாப்பா! பாப்பா!" தெருவின் இரு முனைக்கும் ஓடினேன். திரும்பி வந்தால், ராமோன் மடியில் உட்கார்ந்திருக்கிறாள். வாய் நிறையத் தக்காளி தேய்த்த ரொட்டி. ஒருவர் முலாம்பழத் துண்டை நீட்ட, அதற்கும் வாயைத் திறந்தாள். அடுத்தவர் பக்கம் திரும்பினாள். அங்கேயும் ஒரு வாய்.

எனக்கு உறைத்தது. கோவை சிங்காநல்லூரில், வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லைன் வீடுகளில் யாழினி ஒரு நாளும் ஓர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. தட்டை நான் தூக்கிக்கொண்டு பின்னால் போவேன். பக்கத்து வீட்டு தேவி அக்கா வாசலில் ஒரு வாய், ஸ்டெல்லா டீச்சர் வீட்டில் ஒரு வாய். குழந்தைக்குப் பசி இருந்தது, ஆனால் இங்கே திறந்த கதவு ஒன்றுகூட இல்லை.

டாக்சியில் வந்து இறங்கிய கவிதா, எனக்கென்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வசவை, குழந்தை மெல்லுவதைப் பார்த்ததும் மறந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். "டிக்கெட் வேண்டாங்க" என்றாள்.

அந்தக் கோடை முழுவதும் ரசஞ்சோற்றுத் தட்டோடு நானும் யாழினியும் மாடி மாடியாக ஏறினோம். அந்தக் கட்டடம் எங்களுக்காகச் சற்றுத் தாமதமாகத் தூங்கியது.

இப்போது யாழினி பெரிய பெண். தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். எங்கள் வீட்டில் யார் இருமினாலும், உள்ளேயிருந்து அவள் குரல் வரும்: "ஏனுங்ப்பா, எல்லாரும் தெருவுக்கு எறங்கலாங்களா?" விருந்தாளிகள் விழிப்பார்கள். கவிதா விழுந்து விழுந்து சிரிப்பாள்.

சில நாள் அந்தக் கதவு ரொம்ப நேரம் சாத்தியே கிடக்கும். அப்போது நான் போய் வெளியே நின்று, தொண்டை நன்றாக இருக்கும்போதே, இரண்டு தரம் இருமுவேன்.