படம் வராத பிராசசர்

தனியாக வீட்டில் இருக்கிற ஆண்பிள்ளைக்கு நல்ல இணைய வசதி கிடைத்துவிட்டால், மூன்றே மாதத்தில் அவன் ஏதாவது ஒன்றில் நிபுணனாகிவிடுவான். தடுக்க வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம். சிலர் தேனீ வளர்ப்பைப் பிடித்துக்கொள்வார்கள். சிலர் சிறுநீரகக் கல்லுக்கு மருந்து சொல்ல ஆரம்பிப்பார்கள். நான் கம்ப்யூட்டர் பிராசசரில் நிபுணனானேன்.

ஐந்து வருடத்துக்கு முந்தைய கதை. (அதற்குப் பிறகு திருந்திவிட்டேன் என்பது என் கருத்து. வீட்டில் வேறு கருத்து உண்டு.)

என் மனைவி ஷீபா நர்ஸ். அயர்லாந்தில் வேலை கிடைத்து, மகள் ஜெனியையும் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போயிருக்கலாம். ஆனால் நான் கேரள எல்லையில், பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குக் கணக்கு எடுக்கிறவன். தமிழில் கணக்கு சொல்லித்தர ஆள் வேண்டும் என்று அயர்லாந்தில் யாரும் விளம்பரம் கொடுத்ததாகத் தெரியவில்லை. "நீங்க இஞ்ச இருங்க. நான் போய்ப் பாக்குதேன். பொறவு யோசிப்போம்" என்றாள் ஷீபா. அந்தப் 'பொறவு' இன்னும் வந்தபாடில்லை.

வீட்டில் நான் மட்டும். கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் ஆளை டீ குடிக்கச் சொல்லி உட்காரவைத்து, அவருடைய மூத்த மகளின் படிப்பு வரை விசாரிப்பேன். மூன்றாவது தடவையிலிருந்து அவர் சிலிண்டரை கேட்டுக்கு உள்ளே வைத்துவிட்டு ஓட ஆரம்பித்தார். ஷீபா தினமும் கூப்பிடுவாள், வேலைக்கும் வேலைக்கும் நடுவில் எட்டு நிமிடம்.

"சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன்."

"என்ன கறி?"

"மீனு."

"செரி, போன வெக்கட்டா?"

ஜெனிக்குப் பத்து வயது நிறையப்போகிற சமயம் அது. ஒருநாள் போனில் கேட்டாள்: "அப்பா, எப்பவும் உங்க நெத்தி மட்டும்தான் தெரியுது. பெர்த்டேக்கு நம்ம வீட்டப் பெருசாப் பாக்கணும். அம்மச்சி, மாமா, எல்லாரையும் ஒண்ணாப் பாக்கணும்."

உடனே வாக்குக் கொடுத்துவிட்டேன். ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, கேமரா வைத்து, ஹாலில் இருக்கும் பெரிய டிவியோடு இணைத்து, சொந்தக்காரர்கள் எல்லோரையும் எதிரே உட்காரவைப்பேன் என்று. "அதுக்கு அந்த போன ஒரு செம்புல சாய்ச்சு வச்சாப் போதாதா?" என்று ஷீபா கேட்டாள். "ஒனக்கு அதெல்லாம் தெரியாது" என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன முட்டாள்தனமான வாக்கியங்களில் இதற்குத் தனி இடம் உண்டு.

கம்ப்யூட்டரின் மூளைதான் பிராசசர். மூளையைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் மற்றதெல்லாம் தானாக அமையும் என்று ஒரு வீடியோவில் ஒருவர் சொன்னார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உட்கார்ந்து வீடியோக்களாகப் பார்க்க ஆரம்பித்தேன். உள்ளே வேலை செய்யும் குட்டி மூளைகள், அதாவது கோர், நாலா, ஆறா? போன வருட மாடலா, இந்த வருட மாடலா? கணக்கு வாத்தியார் சும்மா இருப்பானா? ஒவ்வொரு பிராசசரின் வேகத்தையும் விலையால் வகுத்து, கொடுக்கும் ஒரு ரூபாய்க்கு எவ்வளவு வேகம் என்று மூன்று தசம ஸ்தானம் வரை கண்டுபிடித்தேன். ஒரு வீடியோவுக்குக் கீழே நான் எழுதிய கருத்துக்கு முகம் தெரியாத ஒருவர் விருப்பம் போட்டார். அன்று முழுக்க வகுப்பில் யாரையும் நான் திட்டவில்லை.

நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷாஜிக்குத் தினமும் போன் போட்டுச் சந்தேகம் கேட்பேன். பொறுமைசாலி. ஒருநாள் மட்டும் பெருமூச்சு விட்டு, "சாரே, வீடியோ கால் செய்யான் ஏதெங்கிலும் மதி" என்றார். எதுவாக இருந்தாலும் போதும் என்று அர்த்தம். எனக்குப் போதவில்லை. தேர்ந்தெடுத்து முடித்துவிட்டால் மறுநாள் ஷாஜியிடம் பேச என்ன இருக்கிறது? (இது இப்போது தோன்றுவது. அப்போது அதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொண்டேன்.)

கடைசியில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு பிராசசர்கள் மிஞ்சின. இரண்டுக்கும் ஆறு கோர். ஒன்றின் பெயருக்குப் பின்னால் ஆங்கில எழுத்து 'ஜி' இருந்தது, மற்றதற்கு இல்லை. ஜி இல்லாததுதான் விலை குறைவு, வேகமும் ஒரு பொடி கூடுதல். ஒரு எழுத்துக்காக எவனாவது அதிகப் பணம் கொடுப்பானா? ஜி இல்லாததையே எடுத்தேன்.

பெட்டியைக் கையில் தரும்போது ஷாஜி கேட்டார்: "சாரே, கார்டு உண்டல்லோ?"

"உண்டு, உண்டு" என்றேன். எந்தக் கார்டு என்று கேட்க நாக்கு வளையவில்லை. மூன்று மாதம் அந்த மனிதருக்கே பாடம் எடுத்தவன் நான். என்னிடம் ஏடிஎம் கார்டு இருந்தது, ரேஷன் கார்டும் இருந்தது. "நான் பிட் செய்து தராம்" என்று அவரே மாட்டித்தருவதாகச் சொன்னதையும் மறுத்து, எல்லாவற்றையும் அட்டைப்பெட்டிகளில் சுமந்து பஸ் ஏறினேன்.

வீட்டுக்கு வந்ததும் பிராசசரை வெளியே எடுத்துப் பார்த்தேன். தீப்பெட்டியை விடச் சின்னது. அடியில் ஆயிரத்துக்கு மேல் பொன்னிறமான குட்டி ஊசிகள், நாற்று நட்ட வயல் மாதிரி. உள்ளே வைக்க மனம் வரவில்லை. சாப்பாட்டு மேசையில் எனக்கு எதிரே நிறுத்திவைத்துக்கொண்டு சோறு தின்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு எதிரே ஒன்று இருந்தது. சாப்பிட்டு முடித்து, இன்னொரு தடவை பார்ப்போமே என்று எடுத்தபோது மீன்குழம்புக் கை வழுக்கிவிட்டது. மூளை தரையில் விழுந்து, ஒரு ஓரத்து ஊசிகள் வரிசையாகப் படுத்துவிட்டன.

ஷாஜியிடம் போக வெட்கம். யோசித்து யோசித்து, மறுநாள் அதை எவர்சில்வர் டப்பாவில் பஞ்சு வைத்துப் பொதிந்து, பனச்சமூட்டில் நகைப்பட்டறை வைத்திருக்கும் கணபதி அண்ணனிடம் கொண்டுபோனேன்.

அவர் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்ன சாதனம் சாரே?"

"கம்ப்யூட்டருக்க மூளையாக்கும் அண்ணே."

"மூளைக்கு இத்தன காலா?"

பிறகு ஒன்றும் கேட்காமல் நுனிக் குறடை எடுத்தார். ஊசி ஊசியாக நிமிர்த்தினார். நான் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். "வீட்டுல ஆளு இல்லியா?" என்று குனிந்தபடியே ஒரே ஒரு கேள்வி கேட்டார். அவ்வளவுதான், திறந்துவிட்ட குழாய் மாதிரி ஒரு மணி நேரம் பேசினேன். ஷீபா, ஜெனி, அயர்லாந்துக் குளிர், கேஸ்காரர் ஓடுவது வரை. அவர் "ம்" என்பதைத் தவிர எதுவும் சொல்லவில்லை. கூலியும் வாங்கவில்லை. "எல்லாம் நேரே நிக்குது. கொண்டு போங்க" என்றார். சந்தோஷத்தில் அவரையும் பிறந்தநாளுக்கு அழைத்தேன், சிறப்பு விருந்தினராக.

வீடியோக்களைப் பார்த்து நானே எல்லாவற்றையும் மாட்டி முடித்தேன், முதல் தடவை எல்லோர் முன்னாலும்தான் போடுவது என்று வைத்திருந்தேன். பிறந்தநாள் அன்று, சனிக்கிழமை நாலு மணிக்கு, ஹாலில் பதினோரு பேர். திருப்புறத்திலிருந்து மாமி, அதாவது ஷீபாவின் அம்மா, ஜெனியின் அம்மச்சி, பட்டுச்சேலை கட்டி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மச்சினன் குடும்பம், அடுத்த வீட்டுக்காரர்கள். தனி நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு கணபதி அண்ணன். மாமி ஜெபம் செய்து முடித்ததும் நான் பட்டனை அழுத்தினேன்.

விசிறி சுழன்றது. நீலமும் சிவப்பும் விளக்கு எரிந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். டிவியில் 'சிக்னல் இல்லை' என்ற எழுத்து மட்டும் மூலைக்கு மூலை நடந்துகொண்டிருந்தது.

கேபிளைக் கழற்றி மாட்டினேன். அணைத்துப் போட்டேன். பெட்டியைத் திறந்து உள்ளே ஊதினேன். அதற்குள் மச்சினன் என் போனில் ஜெனியைக் கூப்பிட்டுவிட்டான். அங்கே கேக்கும் மெழுகுவர்த்தியும் தொப்பி போட்ட நாலைந்து பிள்ளைகளும் தயாராக நின்றார்கள்.

"அப்பா, டிவில வந்தாச்சா?"

"அஞ்சு நிமிஷம் மக்கா."

அந்த அஞ்சு நிமிஷத்தைப் பத்துத் தடவை சொல்லியிருப்பேன். மாமி கொஞ்ச நேரம் பெட்டியின் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சாந்தமாகக் கேட்டார்: "எல்லாம் செரி மக்கா. காத்து நல்லா வருது. படம் வருமா?"

ஹால் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் புத்தி கெட்டது. எல்லோர் முன்னாலும் கணபதி அண்ணனைப் பார்த்து, "நீங்க ஏதோ ஒரு ஊசிய சரியா நிமித்தல்ல அண்ணே. நான் ஒங்கள நம்பிக் கொண்டுவந்தேன்" என்றேன். அவர் நாற்காலியில் கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

மச்சினன் என்னிடம் நம்பர் வாங்கித் தன் போனில் ஷாஜியைப் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டான்.

"சாரே, சார் வாங்ஙிச்சது ஜி இல்லாத்ததல்லே?" என்றது ஷாஜியின் குரல். "அதில் கிராபிக்ஸ் இல்லல்லோ. கார்டு உண்டெந்நு சார் பறஞ்ஞு."

விஷயம் இதுதான். அந்த ஜி என்ற எழுத்துத்தான் படம். அது இருந்தால் பிராசசரே படம் காட்டிவிடும். இல்லையென்றால் அதற்கென்று கிராபிக்ஸ் கார்டு ஒன்றைத் தனியாக வாங்கி மாட்ட வேண்டும். நான் பார்த்த வீடியோக்காரர்கள் எல்லோரும் கேம் விளையாடுகிறவர்கள், அவர்களிடம் அந்தக் கார்டு முதலிலேயே உண்டு. அதைத் தனியாகச் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்று தசம ஸ்தானம் வரை கணக்குப் போட்டவன், குருட்டு மூளை ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன்.

ஒரு ஊசிகூட வளைந்திருக்கவில்லை.

யார் முகத்தையும் பார்க்க முடியாமல் டிவிக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டேன், ஏதோ கேபிளைச் சரிசெய்கிற மாதிரி. "பாவம், பிள்ளை எவ்வளவு நேரம் நிப்பா? வெட்டச் சொல்லுங்க" என்று மாமி போனை வாங்கினார். இருந்த தலைகள் எல்லாம் அந்தச் சின்னப் போனைச் சுற்றிக் கூடின. பாட்டு ஆரம்பித்தது, அங்கே ஆங்கிலத்தில், இங்கே அவரவர் சுருதியில். என் மகளுடைய பத்தாவது பிறந்தநாள் பாட்டை நான் தூசியும் ஒயருமாக ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டேன். பாட்டு முடிந்ததும் "அப்பா எங்க?" என்று ஜெனி கேட்டது காதில் விழுந்தது. எழுந்து வருவதற்குள் அங்கே அவளை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள்.

கணபதி அண்ணன் நான் இங்கே வாங்கி வைத்திருந்த கேக்கைச் சாப்பிடாமலே போயிருந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மாலை, இரண்டு துண்டு கேக்கை அதே எவர்சில்வர் டப்பாவில் வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். பட்டறை பூட்டியிருந்தது. பின்பக்கம் அவர் வீட்டு வாசலில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"தெரியாமச் சொல்லிட்டேன் அண்ணே."

டப்பாவைத் திறந்து பார்த்தார். "இதுல எந்த ஊசிய நிமித்தணும்?" என்றார்.  ஒரு துண்டை எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, "ஞாயித்துக்கெழம சாயங்காலம் நானும் சும்மாதான் இருப்பேன் சாரே. வரணும்னா வாங்க. அதுக்காக ஒரு சாமானத்த ஒடிச்சுக்கிட்டு வரவேண்டாம்" என்றார்.

ஷீபாவிடம் மாமி எல்லாவற்றையும் நடித்தே காட்டியிருக்க வேண்டும். திங்கட்கிழமை கூப்பிட்டபோது சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தாள். சிரித்து ஓய்ந்தபின் கேட்டாள்: "அப்போ, மூணு மாசமா யாருகிட்டதான் பேசிட்டு இருந்திய?"

"கடைக்கார ஷாஜிகிட்ட."

"தினமுமா?"

"தினமும்."

 எட்டு நிமிடம் தாண்டிவிட்டது, அவள் வெக்கட்டா என்று கேட்கவில்லை. "நான் இப்ப வெங்காயம் அரியப்போறேன். போனு இப்பிடியே இருக்கட்டும். பேசணும்னு இல்ல" என்றாள். நானும் என் போனை ஒரு செம்பில் சாய்த்துவைத்துவிட்டுப் பிள்ளைகளின் பரீட்சைத்தாள் திருத்தினேன். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. அதற்கு ஆறு கோர் தேவைப்படவில்லை.

ஷாஜி நல்ல மனிதர், ஜி உள்ளதாக மாற்றிக்கொடுத்துவிட்டார். அடுத்த வாரம் டிவியில் அருமையாகப் படம் வந்தது. பார்க்க ஹாலில் நான் மட்டும்தான் இருந்தேன்.

ஆனால் மாமியின் கேள்வி குடும்பத்தில் நிலைத்துவிட்டது. புது மிக்சி வாங்கினாலும் கேட்பார்கள், பலாப்பழம் வாங்கினாலும் கேட்பார்கள். மச்சினன் மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது, வேலை உண்டு, வீடு உண்டு, நல்ல குணம் என்று தரகர் அடுக்கிக்கொண்டே போக, "எல்லாம் செரி, படம் வருமா?" என்று மாமி கேட்டதில் தரகர் திகைத்துப்போய் பையனின் போட்டோவை எடுத்து நீட்டினார்.

இந்த வருடம் ஜெனிக்குப் பதினைந்து. குடும்ப வாட்சப் குழுவில் எழுதியிருந்தாள்: "எனக்கு லேப்டாப் வாங்கணும். எது நல்லதுன்னு எல்லாரும் சொல்லலாம், அப்பாவைத் தவிர." சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் ஒன்றைப் போட்டுவிட்டேன்.

நாலு நாள் கழித்து அவளே வீடியோவில் கூப்பிட்டாள். "அப்பா, அம்மச்சிகிட்ட சொல்லிராதீங்க. ரெண்டு பிராசசர் பாத்து வச்சிருக்கேன். எது எடுக்கலாம்?"

நாற்பது நிமிடம் பேசினேன். கோர், வேகம், பேட்டரி, எழுத்துகளின் மர்மம், ஒன்றையும் விடவில்லை. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு "அப்படியாப்பா?" "ஆமாப்பா" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். படம் அத்தனை தெளிவாக இருந்தது.

அன்று மாலை ஷீபாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "அவ லேப்டாப் வாங்கி ஒரு வாரம் ஆச்சு. அதுலதான் ஒங்ககிட்ட பேசிட்டு இருந்தா" என்றாள்.

மறுநாள் ஜெனியைக் கூப்பிட்டு, நேற்று ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்ல விட்டுப்போயிற்று என்றேன்.

"அப்படியாப்பா?" என்று கேட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.