ஸலாம் சொல்லாமல் கழன்ற ஹாட் டிஸ்க்

இல்லை மாமா, அது சாகவில்லை. நீல லைட் எரிகிறது. காதை வைத்தால் சுழல்வதும் கேட்கிறது. திறக்கத்தான் மாட்டேன் என்கிறது.

ஸலாம் பிந்திவிட்டது. அன்புள்ள ஹபீல் மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் ஹாட் டிஸ்க்கை விசாரித்ததாக மாமி சொன்னார். எங்களை விசாரிக்கவில்லையாம். எல்லோரும் நலம். உம்மாவும் நலம், உங்கள் பெயர் வராதவரை. போன் எடுக்கமாட்டீர்கள், ஆகவே கடிதம். இதைத் துண்டிக்கப் பொத்தான் இல்லை.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை. டிஸ்க்கிலிருந்து இன்ஷிரா ராத்தாவின் நிக்காஹ் வீடியோ. நபீல் நானா விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் ஏற்றித் தந்த பழைய லெப்டொப், அதிலிருந்து டீவிக்கு வயர். ஹால் நிறைய சாச்சிமார். மௌலவி குத்பா ஓதும்போது நீங்கள் வாய் திறந்து தூங்கும் காட்சி. உம்மா, "நிப்பாட்டு றலியா. அத ஒருக்கா பெருசாக்கு" என்றார். பெருசாக்கினேன். என் பங்கு அவ்வளவுதான்.

நீங்கள் எழும்பி, லெப்டொப் மேசையை உரசிக்கொண்டு போய்விட்டீர்கள். நாங்கள் கேட் வரை ஓடினோம். உம்மா வரவில்லை. கோபம் என்று நினைத்தோம். அப்படியே சாச்சிமாரையும் வழியனுப்பிவிட்டு வந்தால், டீவி கறுப்பு. டிஸ்க்கின் வயர் கழன்று தொங்குகிறது.

வேறு வயர் போட்டேன். அதே கதை. லெப்டொப்பில் வேலை செய்வது ஒரே ஒரு யூஎஸ்பி போர்ட். மாற்றிப் பார்க்க இடமில்லை. கட்டளை அடித்துப் பார்த்தேன். டிஸ்க்கின் பெயர், அளவு எல்லாம் வருகிறது. திறக்கப் போனால் மறுப்பு: முறையாகக் கழற்றவில்லை, முதலில் சோதித்துத் திருத்து. வற்புறுத்தியும் திறக்கலாமாம். இருப்பது ஒரே பிரதி. பிலிமத்தலாவை ஸ்டூடியோக்காரர் தன்னிடமிருந்ததை அழித்துவிட்டார். தோஹாவிலிருந்து ராத்தா தினமும் கேட்கிறாள். நான் வற்புறுத்தவில்லை.

உம்மா அதை அரிசி டின்னுக்குள் வைத்தார்.

"அது தண்ணியில விழல்லயே உம்மா."

"விழாட்டியும் வெச்சுப் பாக்கலாம்."

எடுத்துத் துடைத்தேன். மீண்டும் மறுப்பு.

மாமா, நம் வீட்டில் ஒருவர் கிளம்புவதென்றால் கதிரையை விட்டு எழும்பும்போது ஒரு ஸலாம், வாசலில் ஒரு ஸலாம், பிறகு கேட்டில் நின்று புதுக் கதை. லினக்ஸ் கேட்பதும் அதுதான். கழற்றுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சற்று நிற்க வேண்டும். அதற்குள், டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருப்பதை அது எழுதி முடிக்கும். அன்று வீடியோவுக்குப் பின்னால் கல்யாணப் போட்டோக்களும் டிஸ்க்கில் ஏறிக்கொண்டிருந்தன. நீங்கள் சொல்லவுமில்லை, நிற்கவுமில்லை. ஆகவே இது உங்கள் தவறு. நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

சோதிக்க விண்டோஸ் நல்லதாம். நம் குடும்பத்தில் மிஞ்சியிருக்கும் விண்டோஸ் உங்கள் வத்தேகமக் கடையில் பில் அடிக்கும் கம்பியூட்டர் ஒன்றுதான். உம்மாவிடம் சொன்னேன்.

"அவன்ட கடைக்குப் போய் நிக்கிறதுக்கு, இன்ஷிராட கல்யாணத்த இன்னொருக்கா செஞ்சிரலாம்."

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது. எனவே நீங்கள் வந்து உம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, டிஸ்க்கை எடுத்துப் போங்கள். மாமிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஸலாம். அல்லாஹ் உங்கள் வியாபாரத்தில் பரக்கத் செய்வானாக. குத்பாவில் விழிப்பையும் தருவானாக.

இப்படிக்கு,
மருமகள் றலியா

பி.கு.: மேலே "உங்கள் தவறு" என்று இருப்பதை வாசிக்க வேண்டாம். உறை தேடிக்கொண்டிருந்தேன். டிஸ்க் லெப்டொப்பில் இருந்தது. உம்மா வந்து, வயரைப் பிடுங்கி, தன் போனைச் செருகினார்.

"என்ன உம்மா செய்றீங்க?"

"சார்ஜ் போடுறன். அண்டைக்கும் இதிலதானே போட்டன்."

"எண்டைக்கு?"

"அவன் கோவிச்சிட்டுப் போன அண்டைக்கு. போன் செத்துக் கெடந்திச்சி. கூப்பிட வாணாமா?"

கொஞ்சம் சார்ஜ் ஏறியதும் கழற்றிக் கூப்பிட்டாராம். நீங்கள் எடுக்கவில்லையாம். அதற்குத்தான் கோபமாம், நீங்கள் தூங்கியதற்கு இல்லை.

வயரைப் பிடுங்கியது தான்தான் என்று தெரிந்ததும் உம்மாவும் வரச் சம்மதித்தார், ஆகவே கடிதத்தைக் கையில் தருகிறேன். கடை வாசலில் நின்றே வாசியுங்கள். உம்மா தானாக எதுவும் சொல்லமாட்டார், நீங்களே முதலில் ஸலாம் சொல்லுங்கள். லெப்டொப்பை அணைத்தேன். டிஸ்க்கைத் துவாயில் சுற்றி எடுத்துக்கொண்டு, உம்மாவோடு வத்தேகம பஸ்ஸில் ஏறி, இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன்.