பேண்டுக்கு நாலு புள்ளிதானாம்

அன்பு அக்கா ரோண்டாவுக்கு,

தம்பி கர்ட்டிஸ் பிரியத்துடன் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், என்னைத் தவிர. அத்தானுக்கு முழங்கால் வலி தேவலையா? அரிசோனா வெயிலில் உட்கார்ந்துகொண்டு எங்கள் நெப்ராஸ்கா பனியை நினைத்துக்கூடப் பார்க்காதே, ஜலதோஷம் பிடித்துவிடும்.

விஷயம் என் மகள், உன் மருமகள் கிரேட்டாவைப் பற்றியது. உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த நாள் முதல் அவள்தான் வகுப்பில் முதல் ரேங்க். நீயும் நானும் படித்த லட்சணம் ஊருக்கே தெரியும். அப்படிப்பட்ட வீட்டுப் பெண், மே மாதம் பள்ளி நிறைவு விழாவில், பிரின்சிபாலுக்குப் பக்கத்தில் மேடையில் உட்கார்ந்து, எழுந்து வந்து ஊருக்கே பேசப்போகிறாள் என்ற சந்தோஷத்தில் நான் ஒரு சூட்டும் வாங்கிவிட்டேன். "டிராக்டர் பார்ட்ஸ் விக்கறவருக்கு எதுக்கு சூட்டு?" என்றாள் என் வீட்டுக்காரி ஜேனல். "முதல் ரேங்க் பொண்ணோட அப்பாவுக்கு!" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

இரண்டாவதாக வந்துகொண்டிருந்தவன் ட்ரெவர் லிண்ட்க்விஸ்ட். பள்ளி பேண்டில் டிரம்பெட் ஊதுகிறவன். கடைசி அரையாண்டு தொடங்கியதும் அவன் அம்மா டெனிஸ் அவனை பேண்டிலிருந்து விலக்கிப் பொருளாதாரத்தில் சேர்த்துவிட்டாள். ஏன் என்கிறாயா? கஷ்டமான பாடத்தில் முழு மார்க் வாங்கினால் ஐந்து புள்ளியாம், பேண்டில் முழு மார்க் வாங்கினால் நாலே புள்ளியாம். அதாவது அக்கா, எங்கள் வீட்டுப் பெண் நான்கு வருஷமாக அந்த டியூபாவை, கன்றுக்குட்டி கனம் இருக்கும் பித்தளையை, தோளில் சுமந்து பனியிலும் வெயிலிலும் ஒரு பிசகு இல்லாமல் ஊதினாலும் மற்றப் பாடங்களில் ஐந்து ஐந்தாக வாங்கி வைத்திருக்கும் அவளுடைய சராசரி இறங்கும்! இனி ட்ரெவர் அவளைத் தாண்டிவிடுவான். நேரே பள்ளிக்குப் போய் ஆலோசகர் மிசஸ் ப்ரூயிட்டைப் பிடித்தேன்.

"என் பொண்ணு நல்லா வாசிச்சதுக்குத் தண்டனையா மேடம்?"

"தண்டனை எல்லாம் இல்லீங்க, சராசரி. அவளையும் பேண்டை விட்டுட்டுப் பொருளாதாரம் எடுக்கச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் மாத்திக்கலாம்."

ராத்திரிச் சாப்பாட்டில் நைசாக ஆரம்பித்தேன். உருளைக்கிழங்கு கேசரோலைத் தட்டில் போட்டுக்கொண்டிருந்த கிரேட்டா கரண்டியை அப்படியே வைத்துவிட்டாள்.

"டியூபாவுக்கு நான் ஒருத்திதாம்பா. நான் போயிட்டா பேண்டே பல்லு போன வாய் மாதிரி இருக்கும்."

"டியூபா ஊதி உலகத்துல யாருடி பெரிய ஆளாயிருக்கா?"

"சூட்டு வாங்கி யாருப்பா ஆயிருக்கா? கை ரெண்டு இஞ்ச் நீளம், கடைக்காரன் உங்க தலையில கட்டிட்டான்."

ஜேனல் சிரிக்கிறாள்! பார்ட்ஸ் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் "என்ன கர்ட்டிஸ், லிண்ட்க்விஸ்ட் பையன் முந்திட்டானாமே" என்று துக்கம் விசாரிக்கிறார்கள். சர்ச்சில் காபி ஊற்றும்போது டெனிஸ் என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள் பார், கோப்பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அக்கா, கிரேட்டா யார் பேச்சைக் கேட்காவிட்டாலும் உன் பேச்சைக் கேட்பாள். வெள்ளிக்கிழமைக்குள் போன் போட்டு, அத்தை என்ற உரிமையில் நாலு வார்த்தை சொல்லு. என் மானம் உன் கையில் இருக்கிறது.

அத்தானுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கர்த்தர் உங்கள் எல்லோரையும் குறைவில்லாமல் காப்பாராக.

உன் தம்பி,
கர்ட்டிஸ்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. ட்ரெவருக்கு நேற்று பதினெட்டு வயது நிறைந்ததாம். இன்று காலை அம்மாவைக் கேட்காமல் தானே கையெழுத்துப் போட்டு பேண்டில் திரும்பச் சேர்ந்துவிட்டான். அப்படியானால் கிரேட்டாதான் முதல்! கூத்தாடிக்கொண்டு அவள் அறைக்குப் போனால், பிள்ளை தேம்பித் தேம்பி அழுகிறது. "முதல் ரேங்க்னா மேடையிலயே உக்காரணும்பா. விழாவுல பேண்டோட வாசிக்க விடமாட்டாங்க. அதுதான் எங்க கடைசி வாசிப்பு. ட்ரெவர் முந்தப்போறான்னதும் எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? நீங்க சூட்டெல்லாம் வாங்கிட்டீங்கன்னுதான் வாயே திறக்கல" என்றாள். அக்கா, நீ போன் செய்ய வேண்டாம். நான் இப்போது மிசஸ் ப்ரூயிட்டைப் பார்க்கத்தான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன், கிரேட்டாவைப் பாட்டுக் குழுவிலும் சேர்த்துவிட. அவளுக்குப் பாட்டு சுத்தமாக வராது. ஆனால் அதற்கும் நாலு புள்ளிதானாம்.